‘கெடார்’ என்பதில் ஏன் இரண்டு ‘எச்’? பழைய தமிழ் ஃபைல்களைக் கைவிடும் புதிய மென்பொருள்கள்

பழைய பென்டிரைவில் கிடந்த ஒரு வேர்டு ஃபைலை போனில் திறக்கிறீர்கள். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையின் வரைவாக இருக்கலாம், அப்பா எழுதிய கோயில் தல வரலாறாக இருக்கலாம். திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் வரிசையாக நிற்கின்றன. ‘ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு’ என்று சொல்லி டெலீட் பண்ணிவிடுகிறவர்கள் நிறைய.

பெரும்பாலும் அந்த ஃபைலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்த ஃபான்ட் உங்கள் போனில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இப்போது பிரச்னை ஃபான்ட்டோடு நிற்கவில்லை. உலகம் முழுக்க மென்பொருள்கள் பழைய எழுத்துக் குறியாக்கங்களை, அதாவது என்கோடிங்குகளை, ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு யூனிகோடுக்கு மட்டும் கதவைத் திறந்து வைக்கின்றன. அது சரியான முடிவுதான். அந்த மாற்றத்தில் தமிழுக்கு மட்டும் ஒரு விசித்திரமான சிக்கல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில் இருக்கும் கெடார் வரை போய் வருவோம்.

ஒரு ஊர்ப்பெயர், ஆறு விசைகள்

பாமினி ஃபான்ட்டில் ‘கெடார்’ என்று டைப் அடித்தால் ஃபைலுக்குள் உட்காருவது இதுதான்: சின்ன எழுத்தில் என், எஃப், எல், எச், எச், கடைசியில் ஒரு அரைப்புள்ளி. ‘என்’ என்பது ஒற்றைக் கொம்பு. ‘எஃப்’ என்றால் க. ‘எல்’ என்றால் ட. முதல் ‘எச்’ துணைக்கால். இரண்டாவது ‘எச்’சும் துணைக்கால்தான்! அதன் தலையில் அரைப்புள்ளி வந்து புள்ளியாக உட்கார்ந்ததும் கண்ணுக்கு ‘ர்’ ஆகிவிடுகிறது. எழுத்தின் உருவம் அப்படி என்பதால் ஒரே விசையில் இரண்டு வேலை.

யூனிகோடிலும் ‘கெடார்’ ஆறு குறியீடுகள்தான்: க, கொம்பு, ட, கால், ர, புள்ளி. ஆனால் இங்கே வரிசை வேறு. உச்சரிக்கிறபடி ‘க’ முதலில், கொம்பு அப்புறம். கடைசியில் இருப்பது உண்மையான ‘ர’. பாமினி பார்வைக்காகச் செய்யப்பட்டது, யூனிகோட் எழுத்துக்காகச் செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘பார்க்கிறதுக்கு ஒண்ணாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?’ என்று தோன்றும். சுற்றுவட்டார ஊர்கள் ஐந்தை அகரவரிசையில் அடுக்கச் சொல்லிப் பாருங்கள். நமக்கு காணை, கெடார், செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம். பாமினியில் அடித்த பட்டியலை எக்ஸெல்லில் போட்டு வரிசைப்படுத்தினால் காணை, திண்டிவனம், கெடார், செஞ்சி, விழுப்புரம் என்று வரும். கெடாரும் செஞ்சியும் ‘என்’ என்ற விசையில் தொடங்குகின்றன, திண்டிவனம் ‘ஜே’யில் தொடங்குகிறது. கணினி ஆங்கில வரிசையில் அடுக்கிவிட்டது. அதைப் பொறுத்தவரை அந்த ஃபைலில் தமிழ் என்ற ஒன்றே கிடையாது. ஸ்பெல்செக் நடக்காது, தேடினால் கிடைக்காது, கூகுளுக்கும் ஏஐக்கும் அது அர்த்தமில்லாத ஆங்கிலம். தமிழில் எழுதப்பட்டும் தமிழ் என்று எண்ணப்படாத பக்கங்கள் எத்தனை லட்சமோ.

ஏன் இத்தனை குறியாக்கங்கள்?

ஒரு பைட்டில் 256 இடங்கள். கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போய்விட்டது. இந்த 256 இடங்களை வைத்துத்தான் 80களிலும் 90களிலும் கணினிக்குத் தமிழைக் கொண்டுவந்தார்கள். யாரும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ ஃபான்ட் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ கொண்டுவந்தார். இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினி பரவியது. தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் ஸ்ரீலிபி. அந்தந்த ஃபான்ட் செய்தவர் எந்த எழுத்தை எங்கே வைத்தாரோ அதுவே அதன் விதி.

இதை ஒழுங்குபடுத்த இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. ஒன்று, உலகம் முழுக்க இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசியே உருவாக்கிய தகுதரம், அதாவது டிஸ்கி. கீழ்ப்பாதியில் ஆங்கிலம், மேல்பாதியில் தமிழ், ஒரே ஃபான்ட்டில் இரண்டும். மற்றொன்று அரசு வழி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டேம், டேப் என்ற இரண்டு குறியாக்கங்களும், இன்று நம்மில் பலர் அடிக்கும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன.

இவ்வளவும் நடந்தபோது யூனிகோடில் தமிழ் ஏற்கெனவே இருந்தது. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரண விண்டோஸ் கணினியில் அதைப் பார்க்க வழி இல்லை. உயிர்மெய்க்குத் தனி இடம் தராமல் இரண்டு குறியீடு சேர்த்து எழுத வைத்ததும் இங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருத்தத்தின் தொடர்ச்சிதான் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் டேஸ்16. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யூனிகோடைத் தரமாகவும், அது சரியாக வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16ஐ மாற்றாகவும் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

அந்த விவாதத்தை இங்கே மறுபடி திறக்கப் போவதில்லை. போனில் எல்லோரும் யூனிகோடில் டைப் அடிக்க ஆரம்பித்ததும் அது தானாக முடிந்துபோனது.

பெயர் உள்ளதும் பெயர் இல்லாததும்

இணையத்தில் புழங்கும் எழுத்துக் குறியாக்கங்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. ஐயானா என்ற அமைப்பு வைத்திருக்கிறது. 2007இல் டிஸ்கி அதில் ஏறியது, எண் 2107. லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சிக்குள் டிஸ்கியை யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு வரி கட்டளை போதும். உலகில் யார் வேண்டுமானாலும் ‘இந்த ஃபைல் டிஸ்கி’ என்று சொன்னால் கணினி புரிந்துகொள்ளும்.

பாமினிக்கும் வானவில்லுக்கும் ஸ்ரீலிபிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவை குறியாக்கங்கள் என்றே யாரும் பதிந்து வைக்கவில்லை, வெறும் ஃபான்ட்டாகவே வாழ்ந்துவிட்டன. எந்த நாட்டு மென்பொருளும் ‘பாமினியை எடுத்துவிட்டோம்’ என்று அறிவிக்கப் போவதில்லை, ஏனென்றால் அவர்கள் அதைச் சேர்த்ததே இல்லை. ஆனால் நம் ஊரில் அதிகம் பேர் டைப் அடித்தது டிஸ்கியில் இல்லை, இந்தப் பெயரில்லாத கூட்டத்தில்தான். தமிழுக்கான சிக்கல் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

இப்போது என்ன மாறுகிறது?

விண்டோஸ், மேக், லினக்ஸ், போன் என எல்லாவற்றிலும் ஓடும் செயலிகளை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய குறியாக்கத்தைத் தூக்கிச் சுமப்பது செலவு. ஒவ்வொன்றுக்கும் அட்டவணை வேண்டும், சோதனை வேண்டும், பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைக்க வேண்டும். அதனால் எல்லோரும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவத்தின் பக்கம் வந்துவிட்டார்கள்.

விஎல்சி பிளேயரின் முகப்பு உட்படப் பல செயலிகளுக்கு அடித்தளமான கியூட் கருவித்தொகுப்பில் டிஸ்கியும், இந்திய அரசுத் தரமான இஸ்கியின் தமிழ் வடிவமும் மையப் பகுதியிலேயே இருந்தன. 2020 டிசம்பரில் வந்த கியூட் 6இல் அவற்றை மையத்திலிருந்து எடுத்து, பழசுக்கு ஒத்துப்போகும் தனித் தொகுப்பில் வைத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் நீங்களே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜாவா 2022இல், 18ஆம் பதிப்பிலிருந்து, எல்லாக் கணினியிலும் யூடிஎஃப்-8ஐயே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. பைத்தான் 3.15க்கும் அதே முடிவு. விண்டோஸின் நோட்பேட் 2019லேயே மாறிவிட்டது. பிரவுசர்கள் பின்பற்றும் தரத்தில் ஜப்பான், தாய்லாந்து, ரஷ்யாவின் பழைய குறியாக்கங்கள் இன்னும் உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை.

இன்னொரு பக்கம் இயந்திரங்கள். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. கெடார் மாதிரி ஊர்களின் டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்துக்கொடுத்த பழைய சிஸ்டங்கள் இனி மெல்ல மெல்ல மாறும். 2001இல் வெளிவந்த பேஜ்மேக்கர் 7க்கு யூனிகோடே தெரியாது, இருந்தும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ‘அந்த சிஸ்டத்துலதாண்ணே எல்லாம் இருக்கு’ என்று சொல்லும் சிஸ்டம் ஒருநாள் எடைக்குப் போகும்போது, ஃபைலை யாராவது காப்பி எடுப்பார்கள். ஃபான்ட்டை எடுக்க யாருக்கும் தோன்றாது.

திறந்தால் பரவாயில்லை, சேவ் பண்ணினால் போச்சு

இந்த விஷயத்தில் நான் முக்கியம் என்று நினைப்பது இதைத்தான், ஆனால் யாரும் அதிகம் பேசுவதில்லை.

பாமினி பெரும்பாலும் கீழ்ப்பாதியில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார்ந்தது. யூடிஎஃப்-8 அந்தப் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்ளும். அதனால் பாமினி ஃபைலை எந்தப் புது எடிட்டரில் திறந்து மூடினாலும் பெரிய சேதம் இல்லை. இருபது வருஷம் கழித்து ஃபான்ட் போட்டால் மறுபடி தமிழ் தெரியும்.

டிஸ்கி, டேப் கதை வேறு. வானவில்லும் ஸ்ரீலிபியும்கூட மேல்பாதியின் இடங்களைப் பயன்படுத்தியவைதான். வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கும் அவற்றை யூடிஎஃப்-8 மட்டும் தெரிந்த ஒரு எடிட்டரில் திறந்தால், மேல்பாதி பைட்டுகள் விதிக்குப் பொருந்தாதவை. கறுப்பு வைரத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி பார்த்திருப்பீர்களே, அதுதான் வரும். பார்த்துவிட்டு மூடினால் தப்பித்தோம். கை பழக்கத்தில் சேவ் கொடுத்தால், பல எடிட்டர்கள் அந்தக் கேள்விக்குறிகளையே ஃபைலுக்குள் எழுதிவிடும். எந்த எழுத்து இருந்தாலும் ஒரே குறி. அதன்பிறகு எந்த கன்வெர்ட்டராலும், எந்த ஏஐயாலும் மீட்க முடியாது. அங்கே மீட்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பதிவான பத்திரங்களுக்குப் பயமில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும். போவது வேறு வகை. பள்ளி ஆண்டு மலர், சங்கத்தின் தீர்மானங்கள், அச்சாகாத ஆய்வேடு, குலதெய்வப் பாட்டு. தெருக்கூத்து உயிரோடு இருக்கிற விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தில் இருந்த ஒரு கூத்துப் பிரதியை யாராவது பொறுமையாக உட்கார்ந்து டைப் அடித்து வைத்திருக்கலாம். நோட்டு செல்லரித்திருக்கும், ஃபைல்தான் மிச்சம்.

குமாருக்கும் குமாாுக்கும் நடுவில் சிக்கிய ‘ர்’

மாற்றிவிட்டாலே முடிந்ததா? மறுபடி கெடாரின் அந்த இரண்டு ‘எச்’சுக்கு வாருங்கள். அரைகுறையாக எழுதிய கன்வெர்ட்டர் இரண்டு ‘எச்’சையும் துணைக்கால் என்றே மாற்றிவிடும். வருவது ‘கெடாா்’. கண்ணுக்கு ஏறக்குறைய சரியாகத் தெரியும், உள்ளே ‘ர’ கிடையாது.

இது கற்பனை இல்லை. தமிழ் இணையதளங்களில் ‘அவா்கள்’, ‘போ்’ என்று ஒரு மாதிரி ஒட்டிக்கொண்ட எழுத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கால் போட்டு அதன்மேல் புள்ளி வைத்தது. பழைய ஃபான்ட்களும் பழைய தட்டச்சுப் பழக்கமும் விட்டுப்போன தழும்பு அது. வாசிக்கும்போது உறுத்தாது. ஆனால் ஒரு பட்டியலில் உங்கள் பெயர் ‘குமாா்’ என்று ஏறியிருந்து, நீங்கள் போனில் ‘குமார்’ என்று சரியாக அடித்துத் தேடினால், ‘பதிவு இல்லை’ என்றுதான் பதில் வரும். கவுண்டரில் இருப்பவருக்கும் காரணம் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் குமார், சேகர், சங்கர், சுந்தர் எத்தனை பேர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் உண்டு. ‘கௌரி’யின் ‘கௌ’வைப் பழைய பழக்கத்தில் கொம்பு, க, ள என்று அடித்திருப்பார்கள். அது யூனிகோடில் ‘கெளரி’ ஆகிவிடும். ‘கெளுத்தி’யில் அதே மூன்று எழுத்துகள் சரியானவை. எது எது என்பதை அட்டவணை சொல்லாது, சொல் தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும். ‘கொ’வைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் ஒரே குறியீடாக வைத்தும் யூனிகோடிலேயே எழுதலாம். இரண்டும் ஒன்றென்று தரம் சொல்கிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அதை மதிப்பதில்லை.

மியான்மர் என்ன செய்தது?

பர்மிய மொழிக்கும் நம்மைப் போல ஒரு வரலாறு உண்டு. அங்கே ‘ஸாவ்ஜி’ என்ற ஃபான்ட் கோலோச்சியது. அது யூனிகோடில் பர்மிய மொழிக்கு ஒதுக்கிய இடத்துக்குள்ளேயே எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கியது. ஒருவர் அனுப்பிய செய்தி மற்றவர் போனில் பர்மிய எழுத்தாகவே தெரியும், ஆனால் தப்பாக. 2019 அக்டோபர் 1ஆம் தேதியை வைத்து அந்த நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு நகர்ந்தது. ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் இரண்டுக்கும் நடுவே தானாக மாற்றித்தரும் வசதியை எழுத வேண்டியிருந்தது.

அதோடு ஒப்பிட்டால் நம் நிலை தேவலை. நம் பழைய ஃபான்ட்கள் ஆங்கிலத்தின் இடத்தில் குடியிருந்ததால் பார்த்தவுடன் ‘இது பழசு’ என்று தெரிந்துவிடும். ஆனால் மியான்மர் ஒரு தேதி வைத்துக்கொண்டு பழையதைப் பற்றியும் யோசித்தது. நம் 2010 அறிவிப்பின் பலன் புதிதாக எழுதும் கோப்புகளில் தெரிகிறது. அதற்கு முன் அலுவலக ஹார்ட் டிஸ்குகளில் சேர்ந்துகிடப்பதை யார் மாற்றுவது என்ற கேள்வி அந்தந்த அலுவலகத்தில் இருப்பவரின் ஆர்வத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

இதை ஒழுங்காகச் செய்துகாட்டியவர்கள் தன்னார்வலர்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முதலானவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அவர்களுடைய நூல்களும் டிஸ்கியில் இருந்துதான் யூனிகோடுக்கு வந்தன. எந்த நூல் எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று அவர்கள் எழுதி வைத்திருந்தது பெரிய உதவி.

உங்களிடம் அப்படி ஒரு ஃபைல் இருந்தால்

முதலில் ஒரு காப்பி எடுத்து, மூலத்தைத் தொடாமல் ஓரமாக வையுங்கள். வேர்டு ஃபைல் என்றால் கணினியில் திறந்து, ஏதாவது ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, ஃபான்ட் பெயர் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். அந்த ஃபான்ட் உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். எந்தக் குறியாக்கம் என்று சொல்ல அந்த ஃபைலில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். வாட்ஸ்அப்பில் காப்பி பேஸ்ட் பண்ணி அனுப்பினால் அந்தச் சாட்சி அழிந்துவிடும், அதனால் ஃபைலாகவே அனுப்புங்கள். டெக்ஸ்ட் ஃபைல் என்றால் பெயர் இருக்காது. டைப் அடித்தவரையோ கடைக்காரரையோ கேட்பதுதான் சுருக்கு வழி. ‘அப்போ எந்த ஃபான்ட்ல அடிச்சீங்கண்ணே?’ என்று இன்று கேட்டால் பதில் கிடைக்கும்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரியான இலவசக் கருவிகள் பல வருஷமாக இருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நூலகத்தைப் பார்க்கலாம். பழைய குறியாக்கங்கள் பலவற்றுக்கு அதில் அட்டவணை உண்டு. நடுவில் உண்மையான ஆங்கிலமும் எண்களும் கலந்திருந்தால் கவனம். பாமினிக் கன்வெர்ட்டர் உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும்.

மாற்றி முடித்ததும் துணைக்காலையும் புள்ளியையும் அடுத்தடுத்து அடித்து ஃபைல் முழுக்கத் தேடுங்கள். தமிழில் அந்த ஜோடிக்கு எங்கேயும் வேலை கிடையாது. எத்தனை இடத்தில் கிடைக்கிறதோ அத்தனை இடத்திலும் ஒரு ‘ர்’ தொலைந்திருக்கிறது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ‘ர்’ என்று மாற்றிவிடலாம். ‘கெள’ வருகிற இடங்களை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.